சென்னை கண்ட சிறுகோள் ‘ஆசியா’

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் இரயிலில் ஏறினால், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு ஆகிய ஊர்களைக் கடந்ததும் செவ்வாப்பேட்டை நிலையம் வருகிறது. திருவள்ளூரையும் கும்மிடிப்பூண்டியையும் சூழ்ந்து தொழிற்பேட்டைகள் எழுந்துள்ள இக்காலத்தில், ஆலைப் பணிக்குச் செல்வோரும் பணி முடிந்து திரும்புவோரும் நாள்தோறும் ஏறி இறங்கும் நிலையங்களுள் அதுவும் ஒன்று. அவ்வூர்ப் பெயரின் முற்பகுதியில் ஒரு கோளின் பெயர் ஒலிப்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்பது ஐயமே.

நாம் வழங்கும் கிழமைகளின் வரிசையில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே புதன் இருக்கிறது. வானத்திலோ அவ்விரு கோள்களுக்கும் நடுவே வேறு கோள் இல்லை. சூரியனிலிருந்து சராசரியாக 22.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் செவ்வாயும், 77.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் வியாழனும் சுற்றி வருகின்றன. இடைப்பட்ட ஐம்பத்தைந்து கோடி கிலோமீட்டர் பரப்பு வெறும் வெளியாக இருக்க முடியாது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வானியலார் கருதினர். அவர்களின் ஊகம் ஒரு வகையில் மெய்யாயிற்று. அங்கே ஒரு பெருங்கோள் இல்லை; ஆனால் எண்ணற்ற சிறுகோள்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்டது என்னும் சிறப்புக்குரியது. அது கண்டறியப்பட்ட இடம் செவ்வாப்பேட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய நுங்கம்பாக்கம் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அச்சிறுகோளின் வரலாற்றையும் தன்மைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதல் சிறுகோள்

1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் கியூசெப்பே பியாத்சி என்னும் வானியலார் விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்துகொண்டிருந்தார். ஒரே விண்மீனைப் பல இரவுகள் அளப்பது அவருடைய வழக்கம். அவ்வாறு அளந்தவற்றுள் ஒன்று மட்டும் இரவுக்கு இரவு இடம் மாறியிருந்தது. அதுவே சீரிஸ். சூரியனின் ஒளியில் மறைந்துபோன அதன் பாதையை இளம் கணித மேதை காஸ் கணக்கிட்டுத் தந்தார். அக்கணக்கின் துணையால் அவ்வாண்டின் இறுதியிலேயே அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த ஆறே ஆண்டுகளில் பாலஸ், ஜூனோ, வெஸ்டா ஆகியவை அகப்பட்டன. அதன்பின் நெடிய மௌனம். 1845இல் ஐந்தாவது சிறுகோள் கிடைத்த பிறகே தேடல் மீண்டும் சூடு பிடித்தது.

இத்தேடலுக்கு இன்றியமையாதது தொலைநோக்கி மட்டுமன்று; நம்பத்தக்க விண்மீன் வரைபடமும் வேண்டும். தொலைநோக்கி வழியே பார்க்கும்போது சிறுகோளும் விண்மீனைப் போன்றே ஓர் ஒளிப்புள்ளியாகத் தோன்றும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட வேண்டும். அது அடுத்தடுத்து நோக்கும்போது நகர்ந்திருக்கவும் வேண்டும். பூமியும் சிறுகோளும் நெருங்கி நிற்கும் காலத்தில் இந்நகர்ச்சி, ஒரு நாளைக்கு முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதியளவு இருக்கும். எனவே நிலையானவை எவை என்பதைத் திட்டமாக அறிந்தவரே நகர்வது எது என்று சொல்ல இயலும். நிலையானவற்றின் பட்டியலோ ஒரு தலைமுறையில் உருவானதன்று. இக்கருத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இதற்கு மீண்டும் வருவோம்.

நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

சென்னையில் வானாய்வு ஒரு தனி மனிதரின் ஆர்வத்தால் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தக் கருவிகளுடன் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். பின்னர் கம்பெனி அதனை ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுப்பியது. கப்பல்கள் கடலில் தம் இடத்தை அறியவும், நிலப்பரப்பை அளந்து வரைபடமாக்கவும் துல்லியமான வானளவைகள் கம்பெனிக்குத் தேவைப்பட்டன. ஆட்சியின் தேவையும் அறிவின் தேவையும் அங்கே கைகோத்தன.

கருவியைத் தாங்குவதற்கென நிறுத்தப்பட்ட மிகப் பெரிய கருங்கல் தூண் ஒன்றில், அதை அமைத்த மைக்கேல் டாப்பிங் பெயரும் 1792 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளிலும் வாசகங்கள் செதுக்கப்பட்டன. ஆசியாவில் கணித விஞ்ஞானங்கள் பிரித்தானியரின் கொடையால் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்பது அவ்வாசகத்தின் கருத்து. வானாய்வகம் இருந்த இடத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. புயற்காலங்களில் தொலைக்காட்சியில் நாம் காணும் அதே வளாகத்தில்தான் அத்தூண் இன்றும் நிற்கிறது.

1861ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் என்பார் இவ்வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்கச் சென்னை வந்து சேர்ந்தார். 1829இல் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய காலத்திலேயே மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்திருந்தார். ஆயினும் வானியல் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. விண்மீன்களை அவற்றின் ஒளிக்கேற்ப முதல் தரம் முதல் ஆறாம் தரம் வரை பகுப்பது தாலமியின் காலந்தொட்டு வந்த மரபு. ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அளவாக வரையறுக்கும் விதியை 1856இல் போக்சன் முன்மொழிந்தார். ஐந்து தர வேறுபாடு என்பது நூறு மடங்கு ஒளி வேறுபாடு. ஆகவே ஒரு தரத்துக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு. இன்றுவரை உலகின் எல்லா வானாய்வகங்களும் பின்பற்றுவது இவ்விதியையே.

இந்தத் தர வரிசை தாலமியிடமிருந்து நேரே போக்சனிடம் வந்துவிடவில்லை. ஹிஜ்ரி 353இல், அதாவது கி.பி. 964 அளவில், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி விண்மீன் கூட்டங்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை இயற்றினார். தாலமியின் பட்டியலை அவர் படியெடுத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு விண்மீனின் ஒளித்தரத்தையும் தம் கண்ணால் நோக்கித் திருத்தினார். 1437இல் சமர்கந்தில் உலூக் பேக் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களை மீண்டும் அளந்து பட்டியலிட்டார். அப்பட்டியல் 1665இல் அச்சேறியது ஆக்ஸ்ஃபோர்டில். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து சென்னை வந்த வானியலார், தம் அறிவுடன் ஆசியாவின் பழைய உழைப்பையும் அறிந்தோ அறியாமலோ சுமந்து வந்தார் என்றே சொல்ல வேண்டும்.

1861 ஏப்ரல் 17

போக்சன் சென்னைக்கு வந்து சில வாரங்களே கழிந்திருந்தன. 1861 ஏப்ரல் 17ஆம் நாள் இரவு, வரைபடத்தில் இடம்பெறாத ஒளிப்புள்ளி ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஹிஜ்ரி 1277 ஷவ்வால் மாதத்தின் முதல் வாரம் அது. நோன்புப் பெருநாளுக்காகச் சென்னை முஸ்லிம்கள் மேல்வானில் பிறை தேடிய மாலை கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன.

பிறை பார்த்தலை இங்கே நினைவுகூர்வது பொருத்தமற்றதன்று. கண்டேன் என்று ஒருவர் சொன்ன அளவில் செய்தி முடிந்துவிடுவதில்லை, சாட்சியம் விசாரிக்கப்படுகிறது. சிறுகோளுக்கும் அதே நிலைதான். கண்டவர் இருப்பிடத்தையும் நேரத்தையும் குறித்து அறிவிக்க வேண்டும். பிற வானாய்வகங்கள் அதை நோக்கி உறுதிசெய்ய வேண்டும். பல நாள் அளவைகளைக் கொண்டு பாதை கணிக்கப்பட வேண்டும். ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு இது எளிது. 1861இல் இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தந்தித் தொடர்பு இல்லை. சூயஸ் கால்வாயும் திறக்கப்படவில்லை. சென்னையிலிருந்து செய்தி கப்பலேறி, எகிப்தில் தரைவழி கடந்து, மீண்டும் கப்பலேறிச் செல்ல வேண்டியிருந்தது.

போட்டியோ கடுமையாக இருந்தது. அதே ஏப்ரல் 9ஆம் நாள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் டட்டில் என்பார் ‘மாயா’வைக் கண்டறிந்தார். மாத இறுதியில் ஜெர்மனியின் லூதர் ‘லீட்டோ’வையும், மிலான் நகரின் ஸ்கியாப்பரெல்லி ‘ஹெஸ்பீரியா’வையும் கண்டனர். பிற்காலத்தில் செவ்வாயின் வரைபடத்தால் உலகப் புகழ் பெற்றவர் இந்த ஸ்கியாப்பரெல்லியே. இவ்வரிசையில் சென்னையின் சிறுகோள் 67ஆம் எண்ணைப் பெற்றது. கிரேக்க, உரோமானியப் புராணங்களின் பெண் பெயர்களைச் சூட்டுவது அக்கால வழக்கம். கிரேக்கப் புராணத்தில் ‘ஆசியா’ என்றொரு பெண் பாத்திரம் உண்டு. அப்பெயர் வழக்கத்துக்கும் பொருந்தியது. கண்டறியப்பட்ட கண்டத்தையும் சுட்டியது. இங்ஙனம் ‘67 ஆசியா’ என்னும் பெயர் நிலைபெற்றது.

ஆசியாவின் இயல்புகள்

இனி அதன் தன்மைகளைக் காண்போம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவை ஓர் அலகாகக் கொண்டால், ஆசியா சூரியனிலிருந்து சராசரியாக 2.42 அலகு தொலைவில் சுற்றுகிறது. அதன் பாதை முழு வட்டமன்று. மிக நெருங்கும்போது 1.97 அலகும், மிக விலகும்போது 2.87 அலகும் தொலைவு. பூமி சுற்றும் தளத்துக்கு அதன் பாதை ஏறத்தாழ 6 பாகை சாய்ந்துள்ளது. செவ்வாய்க்கு அப்பால் தொடங்கும் முதன்மைச் சிறுகோள் பட்டையின் உட்பகுதியைச் சேர்ந்தது அது.

ஒருமுறை சூரியனைச் சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 1,375 நாட்கள் ஆகின்றன. செவ்வாயின் ஆண்டு 687 நாட்கள். எனவே செவ்வாய் இருமுறை சுற்றி முடிக்கும் காலத்தில் ஆசியா ஏறக்குறைய ஒருமுறை சுற்றுகிறது. இத்தகைய எளிய விகிதங்கள் சிறுகோள்களின் வாழ்வில் பொருளற்றவை அல்ல. வியாழனுடன் இவ்வாறு விகிதப்படும் சில தொலைவுகளில் சிறுகோள்கள் அரிதாக இருப்பதை டேனியல் கிர்க்வுட் 1860களில் எடுத்துக்காட்டினார். வியாழனின் ஈர்ப்பு ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இழுத்து, அப்பாதைகளிலிருந்து அவற்றை விலக்கிவிடுகிறது. செவ்வாய் சிறிய கோள் ஆதலால் அதன் இழுப்புக்கு அத்தனை வலிமை இல்லை.

ஆசியாவின் விட்டம் ஏறத்தாழ 58 கிலோமீட்டர். சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் வரையுள்ள இரயில் பாதை 69 கிலோமீட்டர். நாம் ஏறிய புறநகர் இரயில், செவ்வாப்பேட்டையையும் திருவள்ளூரையும் கடந்து அரக்கோணத்தை அடையுமுன்னரே அச்சிறுகோளின் விட்டத்தை ஓடி முடித்திருக்கும். நம் ஊர்க் கருங்கல்லின் அடர்த்தியே அதற்கும் உண்டு எனக் கொண்டு கணக்கிட்டால், இங்கே அறுபது கிலோ எடையுள்ளவர் அங்கே இருநூறு கிராமுக்குள்தான் இருப்பார். இத்துணைச் சிறிய ஈர்ப்பால் காற்று மண்டலத்தைப் பிடித்து வைத்திருக்க இயலாது. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற அதற்கு ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. அங்கே விழும் சூரிய ஒளி, பூமியில் விழுவதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே.

நிறமாலையைக் கொண்டு பார்த்தால் ஆசியா ‘எஸ்’ வகையைச் சேர்ந்தது. அதாவது சிலிக்கேட்டுக் கற்களும் இரும்பு, நிக்கல் உலோகங்களும் கலந்த பாறை. கரிமப் பொருள் மிகுந்த கரிய சிறுகோள்களைவிட இவ்வகை ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். ஆசியா தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் திருப்புகிறது. பூமியில் விழும் விண்கற்களுள் மிகுதியானவை இவ்வகைச் சிறுகோள்களின் சிதறல்களே என நெடுங்காலம் கருதப்பட்டது. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இடோகாவா என்னும் ‘எஸ்’ வகைச் சிறுகோளிலிருந்து 2010இல் கொண்டுவந்த துகள்கள் அக்கருத்துக்கு நேரடிச் சான்றாயின. கோள்கள் உருவான காலத்தில் கோளாகத் திரளாமல் எஞ்சிய பொருளே இச்சிறுகோள்கள். பட்டையிலுள்ள அனைத்தையும் ஒன்று திரட்டினாலும் நம் நிலவின் நிறையில் நூற்றில் மூன்று பங்களவே தேறும். அதிலும் மூன்றில் ஒரு பங்கு சீரிஸுக்கே உரியது.

ஆசியா பூமியை மிக நெருங்கும் காலங்களில் அதன் ஒளி ஏறத்தாழ பத்தாம் தரத்தை எட்டும். போக்சனின் விதிப்படியே கணக்கிட்டால், வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீனின் ஒளியில் நாற்பதில் ஒரு பங்கு அது. மற்ற காலங்களில் இன்னும் மங்கல். கருவியின்றிக் காண இயலாது. ஆயினும் இன்று பள்ளிகள் வாங்கக்கூடிய எளிய தொலைநோக்கிக்கு அது எட்டாத பொருளன்று.

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

போக்சன் முப்பதாண்டு காலம் சென்னையிலேயே பணியாற்றி, 1891இல் இங்கேயே மறைந்தார். ஆசியாவுக்குப் பின் சாப்போ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வீரா (1885) ஆகிய நான்கு சிறுகோள்களையும் சென்னையிலிருந்து கண்டறிந்தார். அவற்றுள் சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது 2005இல் அறிவிக்கப்பட்டது. இரு துணைகளுடன் அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே.

ஆயினும் ஒரு வானாய்வகத்தை ஒருவர் மட்டும் நடத்திவிட முடியாது. இரவுதோறும் கருவியைச் சீராக்குவதும், அளவைகளைக் குறிப்பதும், பகலெல்லாம் அவற்றைக் கணக்கிட்டுத் திருத்துவதும் உள்ளூர் உதவியாளர்களின் பணியாக இருந்தன. அவர்களுள் வரலாற்றில் பெயர் நிலைத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்த அரிய நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்க, இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். போக்சனின் மகள் ஐசிஸும் 1873 முதல் அங்கே பணியாற்றினார். இவ்விருவரையும் போல் அறியப்படாமல் போன பணியாளர்கள் பலர்.

போக்சனுக்குப் பின் சென்னையின் வானாய்வுப் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து அடுத்த சிறுகோள் அகப்பட நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் ‘கல்கி’ என்னும் தேடல் திட்டத்தை நடத்தினார். அத்திட்டத்தின் கீழ் 1988 பிப்ரவரி 17 அன்று கண்டறியப்பட்ட சிறுகோள், கணித மேதை இராமானுஜனின் பெயரைப் பெற்றது; அதன் எண் 4130. வீராவுக்கும் இராமானுஜனுக்கும் இடையே 103 ஆண்டுகள். முன்னது அயலவர் கண்டு அயற்பெயர் சூட்டியது. பின்னது நம்மவர் கண்டு நம்மவர் பெயர் சூட்டியது.

இன்று சிறுகோள் பட்டியலில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. புராணப் பெயர்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. அறிஞர்களின் பெயர்களும் அங்கே ஏறியுள்ளன. உலூக் பேக் (2439), இப்னு ஸீனா (2755), அல்பிரூனி (9936), அஸ்ஸூஃபி (12621), இப்னுல் ஹைஸம் (59239) ஆகியோர் அங்கே இடம்பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. ஆனால் பெயர்ப் பட்டியலைப் படித்துப் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிட்டால் அவர்களின் உழைப்பை நாம் புரிந்துகொண்டவர்கள் ஆகமாட்டோம்.

தூணின் கூற்றும் சிறுகோளின் சான்றும்

நுங்கம்பாக்கத் தூணின் வாசகத்துக்கு இப்போது திரும்புவோம். கணித விஞ்ஞானங்கள் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பட்டது 1792இல்தானா? அதே வானாய்வகத்தின் பொறுப்பை 1805 முதல் 1811 வரை வகித்த ஜான் வாரன் என்பாரே இதற்கு விடை தந்துள்ளார். தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றி அவர் எழுதி 1825இல் வெளிவந்த ‘கால சங்கலிதம்’ நூலில் ஒரு தமிழ்க் கணிதரைப் பற்றிய செய்தி உண்டு. புதுச்சேரியில் வாழ்ந்த அவர், எழுதுகோலும் தாளும் இன்றி, சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவர் சொன்ன தொடக்க நேரம் உண்மையினின்று சில நிமிடங்களே வேறுபட்டது. வாரன் அவரை எள்ளி ஒதுக்கவில்லை. முறையைக் கேட்டறிந்து எழுதி வைத்தார்.

ஆகவே தூணின் கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாதது. எனினும் அதை மறுக்கும் ஆர்வத்தில் மறு எல்லைக்குச் சென்று, போக்சனின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதும் நேர்மையாகாது. அவர் வகுத்த ஒளித்தர விதி அறிவுலகின் பொதுச் சொத்து. பாக்தாதும் சமர்கந்தும் கிரேக்கரிடமிருந்தும் இந்தியரிடமிருந்தும் பெற்று, திருத்தி, வழங்கின. ஐரோப்பா அவற்றைப் பெற்று, திருத்தி, வழங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் பெற்றவர்கள் கொடுத்தவர்களை மறந்துவிட்டுத் தாமே முதல்வர் என்று கல்லில் வெட்டிக்கொண்டதுதான் பிழை. நமக்கும் அப்பிழை நேராமல் காத்துக்கொள்ள வேண்டும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆலைகளின் விளக்கொளியில் செவ்வாப்பேட்டையின் இரவு வானம் வெளிறிப் போயிருக்கலாம். இருந்தும் செவ்வாயும் வியாழனும் தோன்றும் இரவுகளில் அவ்விரண்டையும் வெறுங்கண்ணால் காண அவ்வொளி தடையன்று. அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு மாலை மாடிக்கு அழைத்துச் சென்று அவற்றைக் காட்டலாம். அவற்றின் பாதைகளுக்கு இடையே, கண்ணுக்குத் தெரியாத தொலைவில், அரக்கோணம் வரையுள்ள தூரம்கூட இல்லாத ஒரு பாறை சுழன்றுகொண்டிருக்கிறது என்றும், அதன் பெயர் ஆசியா என்றும், அதை முதலில் கண்டது நம் சென்னை என்றும் சொல்லலாம். பின்னொரு நாள் அவர்களை நுங்கம்பாக்கத்துக்கு அழைத்துச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், தூணில் உள்ள வாசகத்தின் பொருளை எடுத்துச் சொல்லி, அது எவ்வளவு தூரம் உண்மை என்று அவர்களையே ஆராயச் சொல்லலாம்.